வன்னியில் கையால் தைக்கும் சேலைப் போர்வை ஒரு வீட்டுக்கு வருமானம் தருமா?

கிளிநொச்சிப் பக்கம் கணவனை இழந்த பெண்களுக்குப் பழைய சேலையில் போர்வை தைக்கும் வேலை தொடங்கிக் கொடுக்கலாமா, அதில் வருமானம் வருமா என்று லண்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். பரந்தனில் அந்த வேலை செய்யும் பெண்களோடு இருப்பவள் நான். வருமானம் வரும். ஆனால் விற்ற பிறகு காசு தருகிறோம் என்று மட்டும் தொடங்காதீர்கள்.

ஒரு போர்வைக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள். சேலையைக் கஞ்சி போகும் மட்டும் ஊறவைத்து அலச வேண்டும். சிவப்பு, மெரூன் என்றால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும், சாயம் ஒட்டினால் அது ஆகாது. நைந்த இடத்தைத் தவிர்த்து வெட்டி, துண்டுகளை மெசினில் பொருத்தி, அடுக்குகளைப் பாயில் விரித்து, நடுவில் இருந்து ஓரத்துக்கு நூலோடி வைப்பார்கள். ஓரத்தில் தொடங்கினால் அடித்துணி நடுவில் சுருண்டு நிற்கும். அதற்குப் பிறகுதான் கைத்தையலே தொடங்கும். கோழி, தோட்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னேரத்தில் உட்கார்ந்து தைப்பதால் வாரக்கணக்கில் இழுக்கும்.

அந்த வாரங்களில் கடனுக்குச் சாமான் தந்த கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது? அங்கேதான் நுண்கடன், அதாவது சிறு தொகையாகக் கொடுக்கும் வட்டிக் கடன், வீட்டுக்குள் நுழைகிறது. போர் முடிந்து ஊர் திரும்பிய பெண்களின் வாசலுக்கே கடன் நிறுவனக்காரர்கள் வந்து கடன் கொடுத்தார்கள். பெண்கள் ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். 2018இல் அரசாங்கமே, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் போன, ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. நிவாரணமாகக் கிடைத்த தையல் மெசின்கள் எங்கள் பக்கம் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. தைக்கத் தெரியாமல் அல்ல, தைத்துவிட்டுக் காத்திருக்க வழியில்லாமல்தான்.

அதனால் நீங்கள் சேர்க்கும் பணத்தை மெசினுக்குக் கொட்டாமல் கூலிக்கு வையுங்கள். போர்வையைக் கையில் வாங்கும் அன்றைக்கே முழுக் கூலியும் கொடுபட வேண்டும். விற்கிறதா இல்லையா என்ற கவலை உங்களுடையது.

அமெரிக்காவின் அலபாமாவில் 1966இல் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். வாக்காளராகப் பதியப் போனதற்காக வீடு, வேலை இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். போர்வைகள் நியூயோர்க்கில் ஏலம் போய்ப் பெயர் வாங்கின. அப்படியிருந்தும் 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தத்தை எடுத்தார்கள். நிலையான ஓடர் இருந்தால்தான் மாதா மாதம் கூலி வரும் என்பதை அந்தப் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

எங்களுக்கு அப்படிப்பட்ட ஓடர் உங்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. வன்னி வெயிலில் இங்கே யாரும் தடித்த போர்வை வாங்க மாட்டார்கள். ஆனால் அம்மாவின் சேலைகளை அலுமாரியில் வைத்துக்கொண்டு, உடுத்தவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் இருப்பவர்கள் வெளிநாட்டில் நிறையப் பேர். அதைப் போர்வையாக்கித் தாருங்கள் என்று கேட்பவர் பாதிக் காசை முன்கூட்டியே தந்துவிடுவார். இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை வருவதே இந்த இடத்தில்தான். 2009இல் இடம்பெயரும்போது தாயின் சேலையைக்கூட எடுக்க முடியாமல் ஓடிவந்த பெண்கள், இப்படி வந்து சேரும் சேலைகளில் கத்தரி வைக்க எவ்வளவு தயங்குவார்கள் தெரியுமா? கரை வீணாகாமல் எப்படி வெட்டலாம் என்று நாலு பேர் கூடிக் கதைத்துத்தான் வெட்டுவார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் சேலைகளைக் கொடுத்துவிட்டால் தபால் செலவு மிச்சம். பருத்திச் சேலையாகப் பார்த்து அனுப்புங்கள், நைலெக்ஸ் மாதிரிச் செயற்கை நூல் சேலை தையலில் வழுக்கும்.