ரீஜென்சி காதல் கதைகளில் வரும் மாறுவேடத்தை எப்படி நம்பிப் படிக்கிறீர்கள்?

ஆண் உடையில் வரும் பெண்ணைக் கடைசி வரை ஒருவருக்கும் அடையாளம் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னத்தில் மரு ஒட்டிக்கொண்டு வந்த கதாநாயகனுக்கு விசில் அடித்து வளர்ந்தவன் நான். எனக்கு இது பெரிய சோதனையே இல்லை.

சரி, விளையாட்டு போதும். இந்தக் கதைகள் நடக்கும் ரீஜென்சி காலம் என்பது 1811 முதல் 1820 வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிப்போனதால் மகன் அவர் சார்பில் இங்கிலாந்தை ஆண்ட காலம். அன்றைய நாகரிக ஆண்களின் ஓவியங்களைப் பாருங்கள். பெரும்பாலும் மீசை இல்லாத மழித்த முகம். கழுத்தில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை முகவாய் வரை சுற்றியிருப்பார்கள். குரல்வளை துருத்திக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மாட்டிக்கொள்ளும் இடம் என்றால் காலோடு ஒட்டிய அந்தக் கால்சட்டைதான். அதைப் பற்றிப் பேசாமல் எழுத்தாளர்கள் நைசாக நழுவிவிடுவார்கள்.

வேடம் போடக் காரணமும் இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் துணையில்லாமல் கோச்சு வண்டியில் ஏறினாலே பேர் கெட்டுவிடும். வீட்டில் பிடிக்காத மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள் என்றால், தம்பியின் கோட்டை மாட்டிக்கொண்டு சன்னல் வழியாக இறங்குவதுதான் வழி.

நிஜத்திலும் ஊர் ஏமாந்திருக்கிறது. 1817 ஏப்ரலில் பிரிஸ்டலுக்கு அருகே ஆல்மண்ட்ஸ்பரியில், தலையில் கறுப்புத் துணி சுற்றிய ஒரு பெண் யாருக்கும் புரியாத மொழி பேசிக்கொண்டு வந்து நின்றாள். அந்த மொழி தனக்குப் புரிகிறது என்று ஒரு போர்ச்சுகீசிய மாலுமி வேறு கிளம்பினான். ஜவாசு என்ற தீவின் இளவரசி கரபூ, கடற்கொள்ளையர்களிடமிருந்து தப்பி வந்தவள் என்று அவன் மொழிபெயர்க்க (அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்), மாஜிஸ்திரேட் வொராலின் வீட்டில் சுமார் பத்து வாரம் ராஜ உபசாரம். பத்திரிகைச் செய்தியைப் பார்த்த விடுதிக்காரம்மா ஒருவர் ஆளைக் காட்டிக்கொடுத்தார். இளவரசி டெவன் பக்கத்துச் செருப்புத் தைப்பவரின் மகள் மேரி பேக்கர். திருமதி வொரால் அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். பிற்காலத்தில் அவள் பிரிஸ்டல் மருத்துவமனைக்கு அட்டைப்பூச்சி விற்றுப் பிழைத்தாள்.

ஊர் ஏமாறுவதை அதனால் நான் நம்புகிறேன். ஆனால் கதாநாயகன் ஏமாறக் கூடாது. மூன்றாம் அத்தியாயத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட வேண்டும், தெரிந்ததைச் சொல்லவும் கூடாது. "என்ன தம்பி, ஒரு சிட்டிகை போடு" என்று மூக்குப்பொடி டப்பாவை முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அவள் கண்ணில் நீர் முட்டத் தும்மலை அடக்க, அவன் சிரிப்பை அடக்க, அங்கேதான் காதலே ஆரம்பம். கடைசிப் பக்கத்தில் தொப்பி கழன்று விழுந்த பிறகுதான் "நீ பெண்ணா!" என்று வாய் பிளக்கிறவன் என்றால், அவனை எப்படிக் கட்டிக்கொள்வது? அந்த மாதிரிப் புத்தகங்களை நானும் பாதியில் வைத்துவிடுவேன்.