நுகர்வோர் கேள்வி-பதில்: ‘ஐ5’ என்று மட்டும் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டுக் கணினியில் வீடியோ தொகுப்பது பற்றியவை. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹட்டனில் ஒரு கடையில் பாவித்த கணினி ஒன்றை வாங்கினேன். ‘கோர் ஐ5, 8 ஜிபி ரேம், எந்த எடிட்டிங்கும் ஓடும்’ என்று சொல்லித்தான் தந்தார்கள். டாவின்சி ரிசோல்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுவினால், கிராபிக்ஸ் பொருந்தவில்லை என்று ஒரு செய்தி வந்து உடனே மூடிவிடுகிறது. 35,000 ரூபாவுக்கு கிராபிக்ஸ் கார்ட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? செயலியின் (புரொசசர்) பெயர் ஐ5-3470 என்று காட்டுகிறது.
— டிக்கோயா வாசகர்

இப்போதைக்குப் போடாதீர்கள்.

3470 என்பதன் முதல் இலக்கம் 3. அப்படியென்றால் மூன்றாம் தலைமுறைச் செயலி, 2012இல் வெளிவந்தது. 8400 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 10400 என்றால் பத்தாம் தலைமுறை. எல்லாவற்றுக்கும் ‘ஐ5’ என்றே பெயர். தலைமுறையைச் சொல்லாமல் ஐ5 என்று மட்டும் சொல்லி விற்பவர், வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விடயத்தை மறைக்கிறார். மலையகத்தில் சீட்டுப் பிடித்தும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களிடம் இப்படி விற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரிசோல்வ், தன் வேலையின் பெரும்பகுதியை கிராபிக்ஸ் கார்டின் மீதே போடுகிற மென்பொருள். உங்கள் கணினியில் இருப்பது செயலியோடு ஒட்டி வரும் சிறிய கிராபிக்ஸ். அதை ரிசோல்வ் ஏற்காது. இதுவரை கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் ரிசோல்வைத் தயாரிக்கும் பிளெக்மேஜிக் நிறுவனம் 16 ஜிபி ரேமையும் பரிந்துரைக்கிறது. கார்டுக்குப் பணம் கட்டிய பிறகு, அடுத்து ரேமுக்கும் கேட்பார்கள். உங்கள் கணினி பயன்படுத்துவது டிடிஆர்3 வகை ரேம். நாளை புதிய கணினிக்கு மாறினால் அதைக் கழற்றிப் போட முடியாது, செலவழித்த பணம் போனதுதான். அலுவலகங்களில் இருந்து வரும் ஒல்லியான பெட்டிகளில் உயரம் குறைந்த கார்டுகள் மட்டுமே நுழையும் என்பதையும் கவனியுங்கள்.

முதல் செலவு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் கணினி திறக்கும் வேகமே மாறிவிடும். அடுத்த கணினிக்கும் அதைக் கொண்டுபோகலாம். பிறகு ரிசோல்வை விட்டுவிட்டு ஷொட்கட்டை நிறுவிப் பாருங்கள். இலவசம், திறந்த மூல மென்பொருள். எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ரேமும் இரண்டு கோர்களும் போதும் என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். உங்கள் செயலியில் நான்கு கோர்கள் உள்ளன. ஷொட்கட்டின் அமைப்புகளில் ‘புரொக்சி’ என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் தொகுக்கும்போது சிறிய நகலைக் காட்டி, இறுதி வீடியோவை மூலக் கோப்பில் இருந்தே எடுத்துத் தரும்.

உங்கள் வீடியோ புதிய ஐபோனில் எடுத்ததா? அப்படியானால் அது, வீடியோவை மிகவும் சுருக்கிச் சேமிக்கும் எச்.இ.வி.சி வடிவத்தில் இருக்கக்கூடும். அதை விரிப்பதற்கான தனி வசதி இன்டெல் செயலிகளில் 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் முழுமையாகச் சேர்ந்தது. உங்களுடையதில் அது இல்லை. அதனால் எந்த மென்பொருளிலும் மூலக் கோப்பின் படம் திக்கித்திக்கி ஓடக்கூடும். ஐபோனின் கேமரா அமைப்புகளில் ‘ஃபோர்மட்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்து, 4கேக்குப் பதில் 1080பியில் எடுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் கணினிக்கு வேலை குறையும்.

எப்போதாவது பாவித்த கார்ட் வாங்கும் நிலை வந்தால், கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி, புதிய மாதிரியின் பெயரில் விற்கும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. ஜிபியு-இசட் அத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து ‘ஃபேக்’ என்று பெயருக்கு முன்னாலேயே காட்டிவிடும்.

இனிக் கடைக்காரர் விடயம். ‘எந்த எடிட்டிங்கும் ஓடும்’ என்று சொல்லி விற்றது வெறும் வாய்ப்பேச்சு என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடைசெய்கிறது. முதலில் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய், மாற்றித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். இனி எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டில் ‘ஐ5’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். செயலியின் முழு எண், ரேமின் வகை, உத்தரவாதக் காலம் மூன்றும் அதில் இருக்கட்டும்.

உங்கள் ஐ5-3470 செயலி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. கடையில் விலை பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

தங்கையின் பூப்புனித நீராட்டு விழா வீடியோவை ஒரு மென்பொருளின் இலவசப் பதிப்பில் முழுதாகத் தொகுத்து முடித்தேன். சேமிக்கும்போது படத்தின் மேல் நிறுவனத்தின் பெயர் விழுகிறது. பணம் கட்டினால்தான் போகுமாம்.
— பசறை வாசகி

சோதனைப் பதிப்புகள் பலவும் இப்படித்தான். வேலை முடியும்வரை எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வெளியே எடுக்கும் இடத்தில் பணம் கேட்கும். எந்த மென்பொருளானாலும் பத்து விநாடி வீடியோ ஒன்றைப் போட்டு, ஓர் எழுத்தும் ஒரு பாட்டும் சேர்த்து, முதலில் அதைச் சேமித்துப் பாருங்கள். பெயர் விழாவிட்டால் மட்டும் பெரிய வேலையைத் தொடங்குங்கள். ஷொட்கட்டிலும், கேடென்லைவ் என்ற இலவச மென்பொருளிலும் பெயர் விழாது. விண்டோஸ் 11உடன் வரும் கிளிப்சாம்பில் 1080பி வரை விழாது. ரிசோல்வ் இலவசப் பதிப்பிலும் விழாது. ஆனால் பணம் கட்டியவர்களுக்கான விளைவு எதையாவது அதில் சேர்த்தால் விழும்.

இப்போதைய வேலையை அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்து, மாதச் சந்தா கட்ட நினைத்தால், அது தானாகவே புதுப்பிக்கப்படுமா என்று பாருங்கள். கட்டிய அன்றே புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைக் கைத்தொலைபேசியில் இரவு முழுவதும் பதிவுசெய்தோம். கணினியில் போட்டால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் சத்தம் போகப்போகப் படத்தை விட்டு விலகுகிறது. இலவச மென்பொருள் அப்படித்தான், பணம் கட்டி வாங்குங்கள் என்கிறார்கள்.
— மஸ்கெலியா வாசகர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. மாசியில் காமன் ஊன்றியது முதல் ரதி மதன் ஆட்டம், தகனம் என்று நீளும் ஒரு கலையை ஆடுபவர்களின் பிள்ளைகளே பதிவுசெய்கிறீர்கள். அது கெட்டுப்போகக் கூடாது. பணமும் கட்ட வேண்டாம், ஏனென்றால் இந்தக் கோளாறு மென்பொருளில் இல்லை, கோப்பில் இருக்கிறது.

கைத்தொலைபேசி விநாடிக்கு 30 படங்கள் என்று சொன்னாலும், எப்போதும் சரியாக 30 எடுப்பதில்லை. இருட்டில் வெளிச்சம் போதாதபோது பல தொலைபேசிகள் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் 24ஆகவும் அதற்குக் கீழேயும் இறங்கும், விளக்கருகே வந்ததும் மீண்டும் ஏறும். சத்தம் மட்டும் ஒரே சீராகப் பதிவாகும். விநாடிக்கு 30 படங்கள் என்று நம்பி மென்பொருள் படங்களை அடுக்கும்போது இரண்டும் பிரிகின்றன. பகலில் எடுத்த வீடியோவில் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருந்திருக்கும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். கோப்பைத் திறந்து ‘வீடியோ’ பக்கத்துக்குப் போனால் படவேகத்துக்கான இடம் இருக்கும். அங்கே 30 என்று வைத்து, அதன் கீழே ‘கொன்ஸ்டன்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எச்.264ஆக இருக்கட்டும். தரத்துக்கான எண்ணை 18க்குப் பக்கத்தில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். ஒரு மணித்தியால வீடியோவுக்குப் பழைய கணினி பல மணித்தியாலங்கள் எடுக்கலாம், இரவில் ஓடவிடுங்கள். மின்சாரம் போய்வருகிற தோட்டமானால், ஒரே நீளக் கோப்பாகப் போடாமல் ஒவ்வொரு துண்டாகப் போடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, கூத்தில் தப்பு அடிப்பவரின் கையைப் பாருங்கள். காலக்கோட்டைப் பெரிதாக்கி, குச்சி தோலில் படுகிற அந்த ஒரு படத்தில் நிறுத்துங்கள். கீழே சத்தத்தின் அலை அதே இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், கடைசியில் ஓரிடம் என்று பார்த்தால் போதும். மூன்றும் பொருந்தினால் தொகுக்கத் தொடங்கலாம். தொலைபேசியில் இருந்து வந்த மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். இரண்டு வேறு தட்டுகளில் வையுங்கள்.

அடுத்த மாசிக்கு ஒரு யோசனை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் சில எல்இடி விளக்குகளின் கீழ் 30 படவேகத்தில் எடுத்தால் திரையில் வரிவரியாக ஓடும். 25இல் எடுத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஐபோனில் கேமரா அமைப்புகளில் ‘ஷோ பால் ஃபோர்மட்ஸ்’ (PAL) என்ற விருப்பத்தை இயக்கினால் 25 கிடைக்கும்.

பாடநெறிக்காக அடோபி பிரீமியர் தேவை. 2,500 ரூபாவுக்கு ‘முழுப் பதிப்பை’ நிறுவித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். அதற்கு வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்க வேண்டுமாம்.
— பண்டாரவளை மாணவி

வேண்டாம், மகள். பிரீமியர் சந்தாவுக்குக் கிடைக்கும் மென்பொருள். 2,500 ரூபாவுக்கு நிரந்தரமாகத் தருகிறவர், தன்னுடையது அல்லாததை விற்கிறார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருள்களையும் பாதுகாக்கிறது. அதைவிட உங்களை நேரடியாகத் தொடுவது அந்த வைரஸ் தடுப்பு விடயம். பூட்டை உடைக்கும் அந்தச் சிறு கோப்போடு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல் ஒட்டிவருவது வழமை. அதைப் பிடிக்கக்கூடிய ஒரே காவலைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். பிறகு ஏதாவது நடந்தால், பற்றுச்சீட்டு இல்லாத அந்த வேலைக்கு எங்கே முறையிடுவீர்கள்?

உங்கள் விரிவுரையாளரிடம், பிரீமியர் கட்டாயமா, ரிசோல்வில் செய்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். வெட்டுதல், ஒலி, நிறம் எல்லாம் இரண்டிலும் கற்றுக்கொள்ளலாம். கட்டாயம்தான் என்றால் அடோபி மாணவர்களுக்குக் குறைந்த விலையில் சந்தா தருகிறது.

தலவாக்கலையில் ஸ்டூடியோ நடத்துகிறேன். பாமினியில் பெயர் போட்டால் ஒழுங்காக வருகிறது. யுனிகோட்டில் போட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன. மென்பொருள் பழுதா?
— ஸ்டூடியோ உரிமையாளர்

பழுதில்லை, ஓர் அமைப்பு மாற வேண்டும். பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. நீங்கள் கொம்பை முதலில் அடிக்கிறீர்கள், அது முதலில் வந்து நிற்கிறது. யுனிகோட்டில் மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் சேமிப்பார்கள். அதைக் கண்ணுக்குச் சரியாக அடுக்குவது மென்பொருளின் பொறுப்பு. பிரீமியரின் பழைய பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் ‘கிராபிக்ஸ்’ பகுதியில் எழுத்து இயந்திரம் என்று ஒன்று உண்டு. அதை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். பிறகு ‘கொழுந்து’ என்று தட்டச்சிட்டுப் பாருங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்தால் வேலை முடிந்தது.

அப்படியும் வராவிட்டால், இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் பெயரை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வீடியோவின் மேல் வையுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். பாமினியில் செய்த பழைய திட்டக் கோப்புகளை வேறு கணினிக்கு அனுப்பினால், அந்த எழுத்துருவையும் கூடவே அனுப்புங்கள். இல்லாவிட்டால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்.

மூவி மேக்கர் என்று தேடிப் பதிவிறக்கினேன். வீடியோவைச் சேமிக்க டொலரில் பணம் கேட்கிறது. கட்டலாமா?
— பதுளை வாசகர்

கட்டாதீர்கள். விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் 2017 ஜனவரி 10 அன்று நிறுத்திவிட்டது. இருந்த காலத்திலும் அது இலவசம். இன்று அந்தப் பெயரில் பணம் கேட்பது வேறு யாரோ. அதை நீக்கிவிட்டு, விண்டோஸ் டிஃபெண்டரில் முழுச் சோதனை ஒன்றை ஓட்டுங்கள். வங்கி அட்டையின் இலக்கத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அட்டையின் பின்புறம் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு இப்போதே அழைத்து அதை முடக்கச் சொல்லுங்கள்.