பையனை கேலிக் ஃபுட்பாலுக்கு அனுப்பலாமா?

தம்பி, டப்ளின் வந்து நாலு மாசம்தான் ஆகுது, எட்டு வயசுப் பையனை கேலிக் ஃபுட்பால்ங்கிற அயர்லாந்துப் பாரம்பரிய ஆட்டத்தோட கிளப்புக்குக் கூப்பிடுறாங்க, "இது அவங்க ஆட்டமாச்சே, நம்ம நிறத்துப் பிள்ளையை ஓரமா நிக்க வெச்சிடுவாங்களோ"ன்னு கேட்டிருக்கீங்க. நான் இங்கே வந்து 17 வருஷம் ஆச்சு. என் மகளும் ஆடினவதான். தயங்காம அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி டப்ளின் அணிக்கு இந்த ஆட்டம் ஆடின ஜேசன் ஷெர்லாக்னு ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்குங்க. உங்க பயத்துக்கு என் பதில் அவர்தான்.

டப்ளின் ஃபிங்லஸ் பக்கத்துல வளர்ந்தவர். அம்மா ஐரிஷ், அப்பா ஹாங்காங்காரர். முகத்தைப் பார்த்தே வசை பாடினாங்க, தெருவுல மட்டுமில்ல, ஆடுகளத்துலயும். பின்னாடி அதை அவரே வெளிப்படையாப் பேசினார். அதனால இங்கே அப்படியெல்லாம் எதுவும் நடக்காதுன்னு உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

1995ல அவருக்கு 19 வயசு. டப்ளின் அணி அகில அயர்லாந்துக் கோப்பையை ஜெயிச்சு 12 வருஷம் ஆகியிருந்தது. லீஷ் அணியோட நடந்த ஆட்டத்துல ஓடுற ஓட்டத்துல ஷூ கழண்டு போச்சு. வெறும் சாக்ஸ் காலோடயே உதைச்சு கோல் போட்டார்! அரையிறுதியில கார்க் அணிக்கு எதிரா இன்னொரு கோல். இறுதி ஆட்டத்துல டைரோனை 1-10க்கு 0-12ன்னு ஜெயிச்சாங்க. இந்தக் கணக்கு புதுசா வர்றவங்களைக் குழப்பும்: முதல் எண் வலைக்குள்ள போன கோல், ஒண்ணுக்கு 3 புள்ளி; அடுத்த எண் குறுக்குக் கம்பத்துக்கு மேல போனது, அந்தக் காலத்துல ஒண்ணுக்கு 1 புள்ளி. ஆக 13க்கு 12, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்தக் கோடை முழுக்க டப்ளின்காரங்க வாயில "ஜேயோ"ங்கிற அவர் செல்லப்பேர்தான்.

அதுக்கப்புறம் 15 வருஷம் போராடியும் இன்னொரு கோப்பை அவர் கைக்கு வரல. 2010ல ஓய்வு பெற்றார், அடுத்த வருஷமே டப்ளின் ஜெயிச்சது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது. பிறகு டப்ளின் பயிற்சியாளரா இருந்த ஜிம் கேவினோட குழுவுல சேர்ந்து முன்கள ஆட்டக்காரங்களைத் தயார் பண்ணினார். 2015லேருந்து 2019 வரை டப்ளினுக்குத் தொடர்ந்து 5 கோப்பை.

இவ்வளவுக்கும் இந்த ஆட்டத்துல சம்பளம் கிடையாது. டப்ளின்ல இருக்கிற க்ரோக் பார்க் மைதானத்துல 82,000 பேர் முன்னாடி ஞாயித்துக்கிழமை ஆடுறவர் திங்கக்கிழமை வகுப்புல பாடம் நடத்திட்டிருப்பார். உங்க பையனுக்குச் சொல்லித்தரப் போறதும் அடுத்த தெருவுல இருக்கிற யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோதான்.

யாராவது தப்பாப் பேசினா விழுங்கிட்டு வந்துடாதீங்க. ஒவ்வொரு கிளப்லயும் பிள்ளைகள் நலனைப் பார்க்க ஒரு பொறுப்பாளர் இருப்பார், அன்னைக்கே அவர்கிட்ட சொல்லுங்க. இனவெறிப் பேச்சுக்குத் தண்டனைன்னு 2013லயே விதி வந்தாச்சு.

பூட்ஸ் வாங்குங்க, பல்லுக்குப் போடுற கம்ஷீல்ட் கட்டாயம். பையனை இறக்கிவிட்டுட்டு கார்லயே உட்கார்ந்திருக்காம இறங்கிக் கோட்டோரமா நில்லுங்க. ரெண்டு மூணு வாரத்துல உங்களையும் பயிற்சிக்கு வைக்கிற பிளாஸ்டிக் கோன்களை அடுக்கக் கூப்பிடுவாங்க. போய் அடுக்குங்க.