கை எந்த வழியாகப் போகிறது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை, வாரி மறைத்துவிடுவேன். வீட்டில் புழுவெட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அம்மா எத்தனையோ களிம்பு தடவிப் பார்த்தார். வேரோடு வந்த முடியின் நுனியை உதட்டில் உரசிப் பார்ப்பேன். இதை எழுதவே கூசுகிறது. போன வாரம் உங்கள் கட்டுரை ஒன்றைப் படித்து முடித்தபோது மடியில் ஏழெட்டு முடி கிடந்தது. எப்போது பிடுங்கினேன் என்றே தெரியவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா? மருத்துவரிடம் போனால் என்ன சொல்வார்? போன முடி திரும்ப வளருமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

என் கட்டுரை அலுப்பூட்டியதா, இல்லை சுவாரசியமாக இருந்ததா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது. அப்புறம் வாசித்துப் பார்த்ததில், இரண்டில் எதுவானாலும் கை தலைக்குப் போயிருக்கும் என்று தெரிந்துகொண்டேன். அலுப்பிலும் போகும், ஆழ்ந்திருக்கும்போதும் போகும்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் எழுதும்போது கட்டைவிரல் நகத்தோரத் தோலைக் கடித்துப் பிய்க்கிறவன். விசைப்பலகையில் ரத்தம் பட்ட பிறகுதான் கடித்ததே தெரியும். உங்களுடையதும் என்னுடையதும் ஒரே குடும்பம். உங்களுடையது இன்னும் கடுமையானது, அவ்வளவுதான்.

இதற்கு டிரைக்கோடில்லோமேனியா என்று பெயர். ஹாலப்போ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் 1889-இல் வைத்தது. கிரேக்கச் சொற்கள் மூன்றைக் கோத்து, கடைசியில் ‘மேனியா’வை ஒட்டிவிட்டார். அந்த ஒட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ வெறி பிடித்தவர்கள் என்ற நினைப்பை அது கொடுத்துவிடுகிறது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கிற கோளாறு இது. பெரும்பாலும் உங்களுக்குத் தொடங்கிய அதே வயதில்தான் தொடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1987-இல் இதை உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்தது. 2013-இல் ஓசிடி குடும்பத்துக்கு மாற்றியது; வேண்டாத எண்ணமும் அதனால் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்துகிற கோளாறுதான் ஓசிடி. ஆனால் ஓசிடியில் பெரும்பாலும் ஓர் அச்சம், ஒரு எண்ணம் கையைத் தள்ளும். இங்கே பல சமயம் எண்ணமே இருக்காது. பிடுங்கும் நொடியில் ஒரு சின்ன நிம்மதிகூட வரும். அந்த உதட்டு உரசலும் அதோடு சேர்ந்ததுதான். பலருக்கு உண்டு, கூச வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: முடியை விழுங்குகிறீர்களா? முடி செரிக்காது. வயிற்றில் பந்தாகச் சேர்ந்து அறுவை சிகிச்சை வரை போகலாம். விழுங்குவது உண்டென்றால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

மன உறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மடியில் முடி கிடப்பதைப் பார்த்துத்தான் பிடுங்கியதே தெரிந்தது என்கிறீர்கள். தெரியாமல் நடப்பதை எந்த உறுதியை வைத்து நிறுத்துவது? ‘கையை எடு’ என்று உங்களுக்கு நீங்களே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! சொல்லும்போது கை இறங்கும், கவனம் நகர்ந்ததும் ஏறிவிடும்.

அதனால் சிகிச்சை கையைத் திட்டுவதில் தொடங்குவதில்லை, கையைக் கவனிப்பதில் தொடங்குகிறது. அஸ்ரின், நன் என்ற இருவர் 1973-இல் எழுதிய முறை இது. பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி என்று சொல்லலாம். இன்றும் இந்தக் கோளாறுக்கு முதலில் சொல்லப்படுவது இதுதான். முதல் வாரங்களில் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். குறித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எந்தக் கை, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எழுத எழுத ஒரு வழித்தடம் தெரியவரும். முழங்கை நாற்காலிக் கையில் ஊன்றுகிறது. உள்ளங்கை கன்னத்தைத் தாங்குகிறது. விரல்கள் காதுக்கு மேலே நுழைகின்றன. முடிகளைத் தடவித் தேடி, மற்றதைவிடச் சொரசொரப்பான, கம்பி போன்ற ஒன்றைப் பிரித்தெடுக்கின்றன. அப்புறம்தான் இழுப்பு. அந்தக் கடைசிப் படியில் நிறுத்துவது மிகக் கடினம். முழங்கை ஊன்றும் முதல் படியில் ஓரளவு சுலபம்.

அங்கே மாற்றுச் செயல் ஒன்றை வைப்பார்கள். கையை மூடி, முஷ்டியைத் தொடையில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பது, அல்லது புத்தகத்தை இரண்டு கையாலும் பிடிப்பது. பிடுங்கிக்கொண்டே செய்ய முடியாத எதுவானாலும் சரி. கூடவே சின்னச் சின்னத் தடைகள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர் சுற்றினால் முடியின் சொரசொரப்பு விரலுக்குத் தெரியாது, தேடல் அங்கேயே சலித்துவிடும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பிடுங்குகிறவர்கள் அங்கிருக்கும் பளிச்சென்ற விளக்கை மாற்றுவார்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். நானும் விரலில் பிளாஸ்டர் சுற்றித்தான் இதை எழுதுகிறேன். இரண்டு முறை பிளாஸ்டரையே கடித்துவிட்டேன், அது வேறு கதை.

மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதற்கென்றே ஏற்கப்பட்ட மருந்து கிடையாது. மனச்சோர்வுக்குத் தரும் வழக்கமான மாத்திரைகள் இந்தப் பழக்கத்தை அவ்வளவாக அசைப்பதில்லை. சோர்வோ பதற்றமோ கூடவே இருந்தால் அதற்கு உதவும். என்-அசிட்டில்சிஸ்டீன் என்ற பொருளை 2009-இல் பெரியவர்கள் 50 பேரிடம் சோதித்தபோது, அதை எடுத்துக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குறைந்தது. சிறுவர்களிடம் செய்த பிந்தைய சோதனையில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட வித்தியாசமே இல்லை. நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மருத்துவர் சிரிக்க மாட்டார். தோல் மருத்துவரிடம் போனால் நீங்கள் சொல்லாமலே அவர் கண்டுபிடிக்கக்கூடும். புழுவெட்டு விழுந்த இடம் பொதுவாக வழவழவென்றிருக்கும். பிடுங்கிய இடத்தில் ஒடிந்த முடிகள் ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் நிற்கும். அவரே உங்களை மனநல மருத்துவரிடமோ, நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடமோ அனுப்புவார். இந்தப் பயிற்சியைச் செய்து பழக்கப்பட்டவரா என்று நேரடியாகவே கேளுங்கள். எல்லோரும் செய்வதில்லை.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: அந்தக் களிம்புகளை நினைத்துத்தான் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி அதிகம் என்று கடிதத்தில் தெரிகிறது. சொல்லும்போது ‘பார்த்தால் திட்டாதே, பேசாமல் என் கையில் எதையாவது கொடு’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடி பெரும்பாலும் வளரும். ஒரே இடத்தில் பல வருடம் பிடுங்கியிருந்தால் சில வேர்க்கால்கள் கெட்டிருக்கலாம், அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புதிதாக முளைப்பது குட்டையாக, விறைப்பாக, முள் மாதிரி வரும். உங்கள் விரல்கள் இத்தனை வருடம் தேடியது அந்த மாதிரி முடியைத்தான். பலர் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே மறுபடி பிடுங்கத் தொடங்குவது இதனால்தான். அந்தச் சில மாதங்களுக்கு வாசிக்க உட்காரும்போது தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.