மனசுக்குள் ஓடும் பேச்சுக்கு ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி: போட்டித் தேர்வுக்குத் தயாராகிறேன். மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தால், சற்று நேரத்தில் 'இது உனக்கு வராது, நேரம் போகுது' என்று உள்ளே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. 'என்னால் முடியும்' என்று சொல்லிப் பார்த்தேன்; பலிக்கவில்லை. இதை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தப் பார்க்காதீர்கள். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் பேச்சும் அப்படித்தான்; அடக்க அடக்க வரும்.

கணக்கின் பாதி விடையையும் இப்போது படித்த வரியையும் பிடித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவு மிகச் சிறியது. உள்ளே ஓடும் புலம்பலும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. ஒரே வரியை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறாதது அதனால்தான். 'என்னால் முடியும்' பலிக்காததிலும் வியப்பில்லை. மனசு நம்பாத பாராட்டைச் சொன்னால், 'எங்கே முடிஞ்சுது?' என்று உடனே எதிர்க்கேள்வி வரும். அடுத்த ஒரு நிமிடம் அந்த வாதத்திலேயே போகும்.

அடுத்த இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகளில், பேச்சு கிளம்பும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அவ்வளவே. எழுதி முடித்த பிறகு, எந்த இடத்தில், எந்த வார்த்தைகளில் வந்தது என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்ததும், நீளமான கேள்வியைக் கண்டதும் என்று பெரும்பாலும் ஓரிரு இடங்களில்தான் புள்ளிகள் குவிந்திருக்கும்.

அந்த இடத்துக்கென்று ஒரு கட்டளை தயார் செய்யுங்கள். 'கடிகாரம் பார்த்துப் பதறினால், கேள்வியின் கடைசி வரியைப் படிப்பேன்' என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்காது. அந்த நேரத்தில் மனசுக்குள் சொல்லும் கட்டளை, 'கடைசி வரியைப் படி' என்பதுபோல, நான்கு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. கையோ கண்ணோ உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'கவனமா இரு' உதவாது, எதைச் செய்வது என்று அதில் இல்லை. 'பதறாதே' இன்னும் மோசம், பதற்றத்தையே ஞாபகப்படுத்தும். கணக்குக்கு 'கொடுத்தது என்ன, கேட்டது என்ன' என்பது அருமையான கட்டளை. சொல்லும்போதே பென்சில் கேட்டதன் அடியில் கோடு போட வேண்டும்.

இன்னொன்று: கட்டளைக்கு முன்னால் உங்கள் பெயரைச் சேருங்கள். உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சு போன்ற நெருக்கடிக்கு முன் 'நான்' என்று பேசிக்கொண்டவர்களைவிட, பெயர் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் குறைவாகவே பதறினார்கள். வெளியே முணுமுணுக்கத் தேவையில்லை.

நெஞ்சு படபடத்தால் 'அமைதி, அமைதி' என்று இழுத்துப் பிடிப்பது கடினம். 'பரபரப்பா இருக்கு, நல்லதுதான்' என்று சொல்லிக்கொள்வது எளிது, பலனும் கூடுதல்.

பலர் சறுக்குவது ஒத்திகை பார்க்காமல் விடுவதில்தான். தேர்வு நாளில் முதன்முதலாகச் சொல்லும் கட்டளை தானாக வாயில் வராது. வீட்டில் நேரம் வைத்து எழுதும் ஒவ்வொரு முறையும் சொல்லிப் பழகுங்கள்; இரண்டு கட்டளைக்கு மேல் வேண்டாம். புள்ளிகள் அடியோடு மறையாது. பேச்சு கிளம்பியதிலிருந்து கேள்விக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பாருங்கள், குறைய வேண்டியது அதுதான்.

தேர்வுக்கு வெளியேயும் வாரக்கணக்கில் இதே பேச்சு ஓடி, தூக்கமும் கெட்டால், இந்தப் பயிற்சி போதாது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள்.