காய்ச்சல் வந்த அந்தச் சனிக்கிழமை

கேள்வி: எனக்கு வயது 24. சட்டம் படித்தேன், பிடிக்கவில்லை, விட்டேன். கட்டடக்கலையில் சேர்ந்து அதையும் விட்டுவிட்டு, இப்போது ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன். 1982-ல் ஸ்லோபோதான் ஷியான் இயக்கிய படத்தில் பார்த்ததிலிருந்து செர்பிய நடிகர் ஸோரான் ராத்மிலோவிச்தான் எனக்கு எல்லாம். அவரும் சட்டம், கட்டடக்கலை, மொழிப்படிப்பு என்று மாறி மாறித்தான் நடிப்புக்கு வந்தார். சொன்னால் அப்பா கேட்பதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, 11 டிக்கெட்தான் போயிருக்கிறது என்று தெரிந்ததும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்றும் கஷாயம் வைத்துக்கொடுத்தபடி அம்மா என் படிப்பைப் பற்றித்தான் புலம்பினார். வீட்டுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அப்பா புரிந்துகொள்ளவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. அப்பாவை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் காய்ச்சலுக்கு வாருங்கள்.

ராத்மிலோவிச் 1933-ல் ஸாயெச்சாரில் பிறந்தவர். அவர் பெயர் நிலைத்தது பெல்கிரேடின் 'அதெல்யே 212' அரங்கில். அந்த 212, அரங்கைத் தொடங்கியபோது போட்டிருந்த நாற்காலிகளின் எண்ணிக்கை. 1973-ல் அங்கே துஷான் கோவாசெவிச் எழுதிய 'மூன்றாம் ராதோவான்' நாடகம் மேடையேறியது. ராத்மிலோவிச்சுக்கு அதில் அப்பா வேஷம். ஊரை விட்டு வந்து நகரத்து அடுக்குமாடி வீட்டில் அடைபட்டு, எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் அப்பா. மகளோ ஐந்து வருடமாகப் பிள்ளைத்தாய்ச்சி! அந்த வேஷத்தை அவர் 299 முறை போட்டார். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டுப் போகவில்லை. மேடையிலேயே புதுப்புது வசனம் பிறந்தது, நாடகமே அவர் வாயில் வளர்ந்தது. நேற்று பார்த்தவர் இன்றும் வந்தால் வேறொன்று கிடைக்கும்.

அவர் படிப்பை விட்ட கதை உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இந்த 299 எங்கே? 52 வயதில் போய்விட்ட மனிதர் அவர். இன்று அவர் சொந்த ஊர் அரங்குக்கே அவர் பெயர்தான். மூன்று படிப்பை விட்டதற்காகவா வைத்தார்கள்?

11 பேர் காசு கொடுத்து, வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் நாடகத்துக்கு வந்தார்கள். அவர்களை நீங்கள் எண்ணிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டீர்கள். இல்லாத காய்ச்சலுக்கு அம்மா அடுப்படியில் நின்றார். அவர் புலம்பியது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறது. வாங்கிக் குடித்தபோது கை கூசவில்லையா? வீட்டுச் சோறு சாப்பிடும் பிள்ளை வீட்டில் பொய் சொல்லக் கூடாது என்று நம்புகிறவள் நான். எந்தக் கலைக்காகவும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் விட்ட இரண்டு படிப்போடு மூன்றாவதாக நாடகமும் சேர்ந்துவிடுமோ என்றுதான் உங்கள் அப்பா பயப்படுகிறார். அந்தச் சனிக்கிழமை நடந்தது அதுதானே?

இன்றைக்கே அம்மாவிடம் போய், அன்று காய்ச்சல் இல்லை என்று சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு குழுவிலும் சொல்லுங்கள். அடுத்த காட்சிக்கு எத்தனை டிக்கெட் போனது என்று யாரிடமும் கேட்காமல் போய் வேஷம் கட்டுங்கள்.