கேள்வி – பதில்: ஹைட்டிப் பாட்டும் ஐந்தடித் தாளமும்

கேள்வி: ஹைட்டி நாட்டுப் பாடகி எமலின் மிஷேலின் இசைப் பயணம் பற்றிக் கல்லூரியில் பேச வேண்டும். எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?
– மாணவி, திருமங்கலம்

பதில்: 1966-ல் கொனாயீவில் பிறந்தவர். 1804 ஜனவரி 1-ல் ஹைட்டியின் விடுதலை அறிவிக்கப்பட்ட ஊர் அது. தேவாலயத்தில் காஸ்பல் எனும் கிறிஸ்தவப் பக்திப்பாட்டு பாடிப் பழகியவர், டெட்ராய்ட் ஜாஸ் சென்டரில் படித்தார். பிறகு பிரான்ஸ், கனடா, நியூயார்க். இந்த ஊர்ப் பட்டியலை ஒப்பித்தால் அரங்கம் கொட்டாவி விடும். தேவாலயக் குரல், ஆப்பிரிக்க வேருள்ள வூடு வழிபாட்டின் மேளத்தோடு சேர்ந்த கதையைப் பேசுங்கள். ஹைட்டியில் அது சின்ன விஷயமில்லை. 1941-42-ல் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய 'மூடநம்பிக்கை ஒழிப்பு' இயக்கத்தில் வூடு மேளங்களைத் தேடித் தேடி எரித்தார்கள். 1970-களில் பாரிஸிலிருந்து ஹைட்டிப் பாடகி டோடோ பிசாந்த் வூடு பாடல்களை மேடையேற்றினார். 80-களில் 'ராசின்' (வேர்) இசைக்குழுக்கள் அதே மேளத்தை மின்கிடாரோடு சேர்த்தன. எமலின் வந்தது இந்தத் தடத்தில்தான்.

சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியபின் 2000-ல் வந்த 'கோர்ட் எ ஆம்', விடுதலையின் இருநூறாம் ஆண்டான 2004-ல் வந்த 'ராசின் கிரெயோல்' என்ற இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 2010 நிலநடுக்க நிதிக்காக நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜிம்மி கிளிஃப்பின் பாட்டைப் பாடினாரே, பேச்சின் நடுவே ஒலிக்கவிட அதுதான் சரி.

கேள்வி: எங்கள் தப்புக் குழுவில் ஹைட்டித் தாளம் ஒன்றை வாசிக்க முடியுமா?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: தாராளமாக. மெரேங் என்ற ஹைட்டி நடன இசையின் அடிப்படை எட்டு மாத்திரையில் ஐந்து அடி. 'தகதிமி தகஜனு' என்று சொல்லிக்கொண்டு 1, 3, 4, 6, 7-ல் மட்டும் அடியுங்கள்: [த] க [தி] [மி] த [க] [ஜ] னு. அடைப்புக்குள் இருப்பவைதான் அடி. முதலடி அடிக்குச்சியில், மற்ற நான்கும் சிண்டுக்குச்சியில்.

பிழை நேர்வது ஐந்தாம் மாத்திரையில். இரண்டாவது 'த' வந்ததும் கை தானாக விழும். விழுந்தால் தாளம் சாதாரண நாலுநாலாகிவிடும். 1-லும் 5-லும் காலால் தட்டுங்கள், 5-ல் கையை நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குக் காலால் 60 தட்டு என்ற வேகத்தில் பிசகாமல் வந்தபிறகு வேகம் கூட்டலாம். ஐந்தடி என்றதும், ஐந்தும் சமமாக வரும் கண்ட நடைக்குப் போய்விடாதீர்கள். அடிகளுக்கிடையே இடைவெளி சமமில்லை. (பழைய ஹைட்டி இசையமைப்பாளர்கள் சிலரே இதை 5/8 என்று எழுதியதுண்டு, ஆகவே குழம்பினால் குற்றமில்லை.)

ராடா வகை வூடு இசையில் மூன்று மேளம்: பெரியது மன்மன், நடுவில் செகோன், சிறியது பூலா. பூலா மாறாமல் ஓடும். மன்மன் அதை வெட்டிப் பேசும். தப்பை எல்லாரும் நன்றாகக் காய்ச்சி எடுத்தால் மூன்றும் ஒரே கீச்சாகிவிடும். ஒன்றைக் குறைவாகக் காய்ச்சுங்கள், மன்மன் இடத்துக்குத் தவிலின் தொப்பிப் பக்கம் பொருந்தும். ஓகன் என்ற இரும்புத் தாளத்துக்கு மண்வெட்டித் தகடும் பெரிய ஆணியும் போதும்.

கேள்வி: ஹைட்டி மக்களின் கிரெயோல் மொழி வரிகளை எப்படி உச்சரிப்பது?
– வாசகி, மேலூர்

பதில்: பிரெஞ்சுபோல விழுங்கும் எழுத்துகள் கிடையாது. ஓ-யு சேர்ந்தால் 'உ', சி-எச் சேர்ந்தால் 'ஷ'. 'மன்மன்' என்பதில் 'ன்' வருமிடத்தில் நாக்கு மேலே ஒட்டக்கூடாது. ஒலி மூக்கு வழியே போகட்டும்.